காட்டுக்கு நான் செய்த உதவி

சாணியைக் கண்டால் என்னால் சும்மா கடந்து போக முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேவுகம்பட்டியில் வாழை போடுகிறவன் நான். (ஒரு வண்டி எரு கேட்டு அலைந்து பாருங்கள், அப்போது புரியும்.)

மகள் ஜெசி அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்தாள். மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவுக்குப் பொதுமக்கள் எப்படி உதவலாம் என்று ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். மரம் நடலாம். குப்பை பொறுக்கலாம். விலங்குக் கணக்கெடுப்புக்கு வரலாம். அந்த வருடம்தான் முதல் தடவையாக அவளை ஒரு குழுவுக்குத் தலைவியாகப் போட்டிருந்தார்கள். இன்னொரு குழுவில் ஆள் குறைந்தது.

“அப்பா, நீங்க வாங்க. பாதையில யானை லத்தி, காட்டுமாட்டுச் சாணி எங்கெங்க கெடக்குன்னு பாத்து எழுதணும். அத வச்சுத்தான் எம்புட்டு மிருகம் இருக்குன்னு சொல்லுவாங்க. சரியா செஞ்சாத்தான் அடுத்த வருசமும் என்னையத் தலைவியா போடுவாங்க.”

“வாரேன்” என்றேன்.

நான் மூன்றாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அங்கே கொடுத்த தாளில் அரிசி அளவுக்குக் கட்டங்கள். புதுசா, பழசா, எத்தனை என்று கேள்விகள். தாளைப் பார்த்தேன். பேனாவைப் பார்த்தேன். எழுத வராது என்று சொல்ல வெட்கம். வந்த ஜீப்பில் இரண்டு யூரியா சாக்குகள் கிடந்தன. எடுத்துக்கொண்டேன்.

எங்கள் குழுவில் வனத்துறை வாட்சரும் நானும்தான். முன்னால் போன அவர் யானை வருகிறதா என்று மட்டும் பார்த்தார். பின்னால் நான் அள்ளினேன். புதுசு ஒரு சாக்கில், பழசு ஒரு சாக்கில். ஒன்று விடவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அதே பாதையில் ஜெசியின் குழு நடந்திருக்கிறது. இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்ப்பார்களாம். (இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.)

மதியம் முகாமில் அவள் வெறும் தாளோடு நின்றாள்.

“நேத்து நானே பாத்தேனே தாயி, பாதை பூரா கெடந்துச்சு” என்றார் ரேஞ்சர். “கண்ண மூடிக்கிட்டு நடந்தியா? உன்னைய நம்பி ஆள் குடுத்தேன் பாரு.”

“ஒண்ணுமே இல்ல சார்.” அவள் தாளை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள்.

நான் சாக்குகளை இழுத்துவந்து அவர் காலடியில் கொட்டினேன்.

“என்னண்ணே இது?”

“கணக்கு சார். இந்தப் பக்கம் புதுசு, அந்தப் பக்கம் பழசு. எனக்கு எழுத வராது. நீங்களே எண்ணிக்கங்க.”

குவியல்மேல் ஈ மொய்த்தது.

“அய்யோ அப்பா!” என்றாள் ஜெசி.

“பிள்ள மேல தப்பில்ல” என்றார் ரேஞ்சர், மூக்கைப் பொத்திக்கொண்டு. “அப்பன்காரரு காட்டையே மூட்டை கட்டிட்டாரு.”

“எடுத்த எடத்துலயே திருப்பி வச்சிட்டு வரவா சார்?”

(உண்மையாகத்தான் கேட்டேன்.)

அந்தப் பாதையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜெசியை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் வந்த நோட்டீசில் கடைசியாக ஒரு புது வரி இருந்தது: ‘எச்சங்களை எண்ணினால் போதும். எடுத்து வர வேண்டாம்.’

புதிதாக வருகிறவர்களுக்கு ஜெசி இன்றும் அந்த நோட்டீசை நீட்டிச் சொல்கிறாள்: “மேல உள்ளதெல்லாம் ஆபீஸ்ல எழுதுனது. கடைசி வரி மட்டும் எங்கப்பா எழுதுனது.”