மாமாவின் பந்தும் என் சேலை மடிப்பும்

புதிய கோல்ஃப் மைதானம் ஒன்றில் நடப்பதைப் போன்ற சுகம் வேறு இல்லை. விளையாடத் தெரியாதவராக இருந்தால் சுகம் இரட்டிப்பு. பந்து எங்கே போனது, யார் வென்றார் என்ற கவலையெல்லாம் இல்லாமல், மரங்களுக்கு அப்பால் இருப்பது குளமா மேடா என்று பார்த்துக்கொண்டே போகலாம். இலங்கையில் நான் நடக்காத மைதானம் இப்போது அதிகம் இல்லை (இருப்பதே கொஞ்சம்தான் என்பது வேறு கதை). ஆனால் முதன்முதலாக நடந்த அன்று, ஒரு பந்தோடு சேர்த்து என் கல்யாணத்தையும் தொலைக்கப் பார்த்தேன்.

அப்போது நான் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு பஸ்ஸில் போய்வரும் வங்கி உத்தியோகத்தர். நான் விரும்பிய ஜெரோம் கொட்டாஞ்சேனைக்காரர். எனக்குக் கோயில், அவருக்குச் சேர்ச். என் வீட்டில் அழுது முடித்துச் சம்மதித்துவிட்டார்கள். ஜெரோமின் அப்பா அந்தோனி மாமா மட்டும் அழவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுப்போன மட்டைகளை வைத்துக் கோல்ஃப் பழகியவர். பெரிய பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்த மனிதரின் வாயிலிருந்து என் பெயரை மட்டும் யாராலும் இழுத்தெடுக்க முடியவில்லை. என்னைப் பற்றிக் கதைக்க நேர்ந்தால் "வெள்ளவத்தை" என்பார். "வெள்ளவத்தையிட டெலிபோன் கோல் வந்ததா?" என்று மகனிடம் கேட்பார். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை ஜெரோம் மூச்சிரைக்க வந்தார்.

"நாளைக்கு அப்பா ஒரு புது மைதானத்துக்குப் போறார். உன்னையும் வரச் சொன்னவர்."

"என்னையா? ஏன்?"

"தெரியாது. நசீர் நானாவும் வாறார். பயப்பிடாத, அப்பா புல்லில கால் வைச்சா நல்ல மனிசன்."

"நீங்களும் வாறீங்கள்தானே?"

"என்னை வரவேண்டாமாம்."

கோல்ஃப் மைதானத்துக்கு என்ன உடுத்திப் போவது என்று எங்கள் வீட்டில் மாநாடே நடந்தது. வருங்கால மாமனாரோடு போவதால் காஞ்சிபுரச் சேலைதான் என்று அம்மா தீர்ப்பளித்தார். குதி உயர்ந்த செருப்பு என் சொந்த யோசனை. (அந்தக் காலத்தில் எனக்கு நிறைய சொந்த யோசனைகள் இருந்தன.)

மறுநாள் காலை மாமாவின் பழைய காரில் நுகேகொடையைத் தாண்டி, இறப்பர் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருந்த மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதற்கும் சேர்த்து நசீர் நானா கதைத்தார். அவர் புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருந்தவர், மாமாவின் ஆயுட்கால நண்பர், கோல்ஃபில் ஆயுட்கால எதிரி. என் சேலையைப் பார்த்தவுடன், "பட்டு நல்லம் புள்ள. கோல்ஃபுக்கு இல்ல, கலியாணத்துக்கு" என்றார். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

புல்லில் நான் நாலடி வைத்திருக்கமாட்டேன். புல் வெட்டிக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தி, சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "நோனா! செரெப்பு கலவன்ன!" செருப்பைக் கழற்றட்டாம். திரும்பிப் பார்த்தேன். நான் வந்த வழியெல்லாம் நண்டு வளை போலக் குழிகள். செருப்பைக் கையில் எடுத்தேன்.

அந்த அவமானம்தான் எனக்குக் கிடைத்த முதல் வரம். பனி காயாத புல்லில் வெறுங்கால்! காலி வீதித் தார் மட்டுமே தெரிந்த என் பாதங்களுக்கு அது வேறு உலகம். நிலம் ஏறியது, இறங்கியது, சட்டென்று திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்துக்கு அப்பாலும் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில், அவர்கள் பந்தை அடிக்க முன்னமே நான் போய்விடுவேன். எதற்காக வந்தேன் என்பதையே மறந்துவிட்டேன். மாமாவின் பந்துகள் இரண்டு குளத்தில் விழுந்ததையும், அவர் பெருமூச்சு விட்டதையும் மட்டும் கவனித்திருந்தேன்.

அதனால்தான் ஆட்டம் முடியும் தறுவாயில், ஒரு பெரிய திருப்பத்துக்கு அப்பால் புல்லில் ஒரு வெள்ளைப் பந்து தனியாகக் கிடந்தபோது உள்ளம் குளிர்ந்தது. யாரோ தொலைத்த பந்து! கடைசியில் அவருக்குப் பரிசாகக் கொடுக்கலாமே. எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா வேகமாக வந்தார். முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம்.

"என்ன அடி! என்ட வாழ்க்கையில இப்பிடி அடிச்சதில்லை. இங்கதான் விழுந்திருக்கோணும்."

எல்லோரும் தேடினோம். நான்தான் அதிகம் தேடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புதருக்குள் எல்லாம் புகுந்தேன். அங்கே கிடந்த ஒரு கபரகொய்யா, முதலைக் குட்டி அளவு நீர் உடும்பு, நாக்கை நீட்டி என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியது.

"வெள்ளைப் பந்துதானே அங்கிள்?"

"ஓம். நீல மையில சிலுவை போட்டிருக்கிறன்."

மெதுவாகத் திரும்பி நின்று கைப்பைக்குள் எட்டிப் பார்த்தேன். நீலச் சிலுவை.

புத்தியுள்ள பெண் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பாள். நான் பந்தைச் சத்தமில்லாமல் எடுத்து, சேலையோடு சேர்த்துப் புல்லில் நழுவவிடத் தீர்மானித்தேன். அது நழுவியது, ஆனால் விழவில்லை. தூக்கிச் செருகியிருந்த மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை உதறி விழுத்த ஒரு காலைத் தூக்கித் தூக்கி நடந்தேன்.

"என்தா புள்ள காலுக்கு? முள்ளு குத்திட்டா?" என்றார் நசீர் நானா.

"இல்லை" என்று நான் சொன்ன கணத்தில் பந்து விழுந்து, உருண்டு, மாமாவின் சப்பாத்தில் முட்டி நின்றது.

மூன்று பேரும் அதையே பார்த்தோம். நான் அழத் தொடங்கினேன். "யாரோ தொலைச்சதெண்டு நினைச்சன் அங்கிள். உங்களுக்குத் தரத்தான் எடுத்தனான்."

நசீர் நானா மட்டையை ஊன்றிக்கொண்டு நீதிபதி போல நின்றார்.

"அந்தோனி, சட்டத்த செல்றேன், கேளுங்க. வெளி ஆள் எடுத்தா, பந்த எடுத்த எடத்துலேயே வெச்சி அடிக்கலாம், தண்டம் இல்ல. ஒங்கட ஊட்டு ஆள் எடுத்தா ஒங்களுக்குத் தண்டம். ஆட்டம் எனக்கு. இப்ப நீங்கதான் செல்லணும். இந்தப் புள்ள வெளி ஆளா, ஊட்டு ஆளா?"

வாழ்க்கையிலேயே சிறந்த அடி. "வெளி ஆள்" என்று ஒரு சொல் சொன்னால் ஆட்டம் அவருக்கு. அந்தச் சொல்லைத்தான் அவர் அவ்வளவு காலமும் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா பந்தைப் பார்த்தார். சேறு படிந்த என் கால்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, பந்தை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டார்.

"வீட்டு ஆள்தான்" என்றார். "என்ட மருமகள். நீ வெண்டுட்டாய், சந்தோசமா? நட, பசிக்குது."

எனக்கு அழுகை நின்று விக்கல் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு கார் வரைக்கும் நடந்த தூரத்தைப் போல எடையில்லாமல் நான் எப்போதும் நடந்ததில்லை. கொட்டாஞ்சேனையில் ஜெரோம் வாசலிலேயே நின்றார். "என்னப்பா நடந்தது?" என்றார் பயந்துபோய்.

"தோத்துட்டன். என்ட மருமகளாலதான்" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார். ஜெரோமுக்கு விளங்கப் பாதி நாள் எடுத்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் மாமாவோடு மைதானம் மைதானமாக நடந்தேன். கோல்ஃப் விதிகள் மெல்ல மெல்லக் காதில் விழுந்தன. அப்போதுதான் தெரிந்தது, வேடிக்கை பார்க்க வந்தவர் பந்தை எடுத்தால், அவர் மருமகளாக இருந்தாலும் மனைவியாக இருந்தாலும் தண்டமே இல்லை. நசீர் நானாவிடம் கேட்டேன். "அந்தச் சட்டம் அண்டைக்கு நான் செஞ்சது புள்ள" என்று குலுங்கிச் சிரித்தார். அப்படியானால் வாழ்நாள் முழுக்க விளையாடிய மாமாவுக்கு அது தெரியாதா? கேட்டால் அவருக்குத் திடீரென்று காது கேட்காது.

ஆனால் எந்தப் புதிய மைதானத்துக்குப் போனாலும், ஆட்டம் தொடங்க முன் அங்குள்ளவர்களிடம் என்னை அவர் அறிமுகப்படுத்தும் முறை மட்டும் இன்றுவரை மாறவில்லை.

"இவ என்ட மருமகள். பந்து காணாமப்போனா புல்லில தேடி மினக்கெட வேண்டாம். முதல்ல இவவைக் கொஞ்சம் குதிக்கச் சொல்லுங்கோ."