பிள்ளையார் இருந்த இடத்தில் மச்சான்

சென்னிமலையின் முகம் இனி நம் வீட்டுப் படியேறாது என்று பூபதிராஜா சபதம் எடுத்தபோது, அந்த முகம் ஏற்கெனவே அவருடைய லேப்டாப்பில் தங்கத்தூள் பறக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

சென்னிமலை அவருடைய மனைவி கோமதியின் அண்ணன். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். தன் வீட்டு விசேஷத்தில் தங்கை புருஷனை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார் என்பது குற்றம். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இப்போது மகள் தமிழ்ப்ரியாவுக்குக் காது குத்த வேண்டும். குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். கோமதி பாலக்காட்டில் வீடியோ செய்யும் வினோவிடம் சொல்லி, போனில் அனுப்புகிற அழைப்பிதழ் வீடியோ ஒன்று செய்து வாங்கிவிட்டாள். அதில் நடுநாயகமாகச் சென்னிமலை.

"ஏன், அப்பன் மடி ஆகாதா?" என்றார் பூபதிராஜா.

"ஆகுமுங்க. எலப்புள்ளி ஊரு பூராச் சிரிக்கும். அவ்வளவுதான்."

எலப்புள்ளி பால் சொசைட்டியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் பூபதிராஜா. கம்ப்யூட்டருக்கு முன்னால் தோற்பது அவர் ஜாதகத்தில் இல்லை. வினோவைப் போனில் கூப்பிட்டு, வீடியோவிலிருந்து மச்சானை எடுத்துவிடச் சொன்னார். அக்கா சொல்லாமல் எடுக்கமாட்டேன் என்றான் அவன். "அப்ப அந்த ப்ராஜெக்ட் ஃபைலை அனுப்பு. நானே பாத்துக்கறேன்."

ஃபைல் வந்தது. சாஃப்ட்வேரையும் ஏற்றித் திறந்தார். எழுத்துகள் ஒழுங்காகப் பறந்து வந்தன. ஆனால் மகள் இருக்க வேண்டிய இடத்தில் கலர் கலராகப் பட்டைகள். கோவில் கோபுரம் இருக்க வேண்டிய இடத்திலும் பட்டைகள். சென்னிமலைகூடப் பட்டையாகத்தான் சுழன்றார். அந்த ஒரு காட்சி மட்டும் பூபதிராஜாவுக்குப் பிடித்திருந்தது.

"சேட்டா, அதுக்குள்ள படம் கிடையாது," என்றான் வினோ. "எந்தப் படம், எங்க இருக்கு, எப்ப வரணும், எப்படிச் சுத்தணும், அதுதான் எழுதி வெச்சிருக்கும். படமெல்லாம் தனி ஃபோல்டர். பென்டிரைவ்ல அக்கா கையில குடுத்தாச்சு."

கேட்டதும் கோமதி எடுத்துக் கொடுத்தாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

சாஃப்ட்வேருக்கு ஒரு படம் இருக்கும் இடத்தைக் காட்டினார். முன்னால் போகும் மாட்டின் பின்னால் மற்ற மாடுகள் தொழுவத்துக்குத் திரும்புவதுபோல, மீதிப் படங்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. மச்சானும் வந்தார். அவரை எடுத்துவிட்டு, 'பிள்ளையார்' என்று பெயர் வைத்த படம் ஒன்றை அதே ஃபோல்டரில் போட்டு, அங்கே பொருத்தினார். தாய்மாமன் பெயர் எழுதிய வரியையும் அழித்தார். தங்கத்தூள் நடுவே பிள்ளையார் சுழன்று வந்தார். யார் குறை சொல்ல முடியும்?

சாப்பிடும்போது பெருமை தாங்கவில்லை. கோமதிக்குப் பாடம் நடத்தினார்.

"ஃபைல்ங்கிறது சமையக்காரன் எழுதற சாமான் சீட்டு மாதிரி. சீட்டுல பூசணிக்கான்னு இருக்கும். பூசணிக்கா இருக்குமா?"

"இருக்காதுங்க."

"அந்த மாதிரிதான். பிள்ளையாருங்கற பேருல அந்த ஃபோல்டர்ல என்ன இருக்குதோ, அதை எடுத்துட்டு வந்து காட்டும்."

"அந்தப் பேருல வேற படம் இருந்துச்சுன்னா?"

"அதைக் காட்டும். அதுக்கென்ன தெரியும்?"

"பாவமுங்க," என்று கோமதி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

அவருக்குச் சந்தேகம் தட்டியது. "இதபாரு, என் ஃபைலை நீ தொடக்கூடாது. சத்தியம் பண்ணு."

"எம்புள்ள மேல சத்தியமா, உங்க ஃபைலை நான் தொடமாட்டனுங்க."

காலையில் சொசைட்டிக்குப் போய்விட்டு வந்தார். லேப்டாப்பைத் திறந்தார், வீடியோவாக்கும் பொத்தானை அழுத்தினார், குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது வீடியோ தயார். திரும்ப ஒருமுறை பார்க்கவில்லை. முந்தின நாள் முழுக்கப் பார்த்துச் சலித்த படம்தானே? சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். அதோடு, தான் இல்லாததை மச்சான் கண்ணாரப் பார்க்கட்டும் என்று சென்னிமலைக்கும் தனியாக அனுப்பினார். அப்படியொரு ஆனந்தம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. சென்னிமலை. திட்டு வாங்கத் தயாராக எடுத்தார்.

"மாப்ள..." என்றார் சென்னிமலை. "அன்னைக்குப் பந்தியில தப்பு நடந்துபோச்சு. மன்னிப்புக் கேக்கோணும் கேக்கோணும்னு இருந்தேன். வாய் வரல. நீங்க முந்திட்டீங்க."

பூபதிராஜாவுக்குப் புரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து வீடியோவை ஓட்டினார். மகள் வந்தாள். கோபுரம் வந்தது. தங்கத்தூள் பறந்தது. பிள்ளையார் வர வேண்டிய இடத்தில் சென்னிமலை சுழன்று வந்தார். படத்தின் மேலேயே எழுதியிருந்தது: 'மச்சான், உங்க மடி இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்துவனா? இப்படிக்கு, பூபதிராஜா.'

"கோமதி!"

"ஃபைலை நான் தொடலைங்க," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஃபோல்டர்ல பிள்ளையாரை எடுத்துப்போட்டு, அவர் பேருலயே எங்கண்ணனை வெச்சேன். படத்து மேல எழுதறதுக்குப் போனே போதுமுங்களே."

அழித்துவிட விரல் போனது. குரூப்பில் அவருடைய பெரியம்மா கும்பிடும் கைகளைப் போட்டிருந்தாள். கோமதியின் சித்தப்பா 'மனுசன்னா மாப்பிள்ளை' என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு பந்திக்காக இத்தனை நாள் அந்தப் பக்கத்து முகங்கள் எல்லாவற்றையும் பட்டை பட்டையாக்கி வைத்திருந்தோமோ என்று தோன்றியது. விரல் அழிக்காமல் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் சென்னிமலை இன்னும் காத்திருந்தார்.

"மாப்ள, இருக்கீங்களா? சீர் பேச இன்னைக்கே கிளம்பிட்டேன், கொழிஞ்சாம்பாறை தாண்டியாச்சு, இப்ப வந்துருவேன். எனக்காக நம்ம ஊட்டுச் சேவலை நீங்களே அடிக்கச் சொன்னீங்கன்னு கோமதி சொல்லுச்சே?"

அடுப்படியில் மிக்ஸி மசால் அரைத்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க மச்சான்," என்றார் பூபதிராஜா.