வேணாம்லா அண்ணன் மலையிறங்கிய கதை

ஜெராய் மலையைக்கூட இரண்டடி தள்ளி வைத்துவிடலாம். வேணாம்லா அண்ணனுக்கு ஓர் உதவி செய்துவிட முடியாது. யான் ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் எங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், உச்சி வீடு அவருடையது. தனிக்கட்டை. கோத்தோங் ரோயோங் என்று பொதுவேலைக்கு ஊர் கூடினால் மண்வெட்டியோடு முதலில் நிற்பவர் அவர்தான். அதே கூட்டம் அவர் வீட்டுக் கூரையை மாற்றப் போனால், "வேணாம்லா" என்று கேட்டைப் பூட்டிவிட்டுக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். கேஸ் சிலிண்டர் தோம்பைச் சுமந்து அவர் மேடேறுவதைப் பார்த்து ஒருமுறை கை கொடுக்கப் போனேன். என் அரிசிப் பையையும் பிடுங்கி மறு தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

போன வருடம் விடாத மழையில் அவர் வீட்டுக்குப் பின்னால் மண் விரிசல் விட்டது. எப்போது வேண்டுமானாலும் சரியலாம். ஒவ்வொருவராகப் போய்க் கூப்பிட்டார்கள். "நான் கட்டுன வீடு, நான் பாத்துக்கறேன்லா" என்று எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார். கடைசியில் என்னை அனுப்பினார்கள். நான் பேச்சுக்காரனாம். இடி இடித்தால் வாட்சாப் குழுவில் உயில் எழுதுகிறவன் என்பதை மறந்துவிட்டார்கள்.

பாதி மேட்டில் ஒரு கல் உருண்டு வந்து என் செருப்பில் முட்டியது. தேங்காயளவு என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறேன், எலுமிச்சையளவு இருக்கும். அருகிலிருந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோதுதான் அது டுரியான் மரம் என்று தெரிந்தது. தலைக்கு நேர்மேலே முள்ளும் கனமுமாய்க் காய். மேடேறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. "அண்ணே" என்று மட்டும் கத்த முடிந்தது.

வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு அண்ணன் இறங்கி வந்தார்.

"தம்பி, மரத்த விடு."

"கை வரமாட்டேங்குதுண்ணே."

"நீ என்னைய கூட்டிட்டுப் போக வந்தியா, மரத்தையா?"

விரல் விரலாகப் பிரித்தெடுத்து, என்னை முதுகில் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபம்வரை வந்து இறக்கினார். அப்போதுதான் மேலே பெருஞ்சத்தம் கேட்டது. அவருடைய அடுப்படி முழுதும் மண்ணுக்குள் போயிருந்தது. அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "இவனுக்கு யாராச்சும் சூடா ஒரு தே ஓ கலக்கிக் குடுங்கலா, நடுங்குறான்" என்றார்.

மண் காய்ந்ததும் ஊர் சேர்ந்து அடுப்படி கட்டப் போனது. கேட் திறந்திருந்தது. பலகை கோணல், ஆணி கோணல் என்று எல்லாரையும் திட்டிக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் வானம் கறுத்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நிற்கிறார். "நீ பயப்படுவல்ல, அதான் வந்தேன்" என்கிறார். எனக்கு மழைப் பயம் விட்டுப்போய் நெடுநாளாகிறது. அவரிடம் மட்டும் சொல்லவில்லை.