பத்துக்கு மேல் ஒரு விடை

இருபது மாணவர்களும் ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பை அளந்தார்கள். இருபது பேருக்கும் 9.81 வந்தது. ஸ்தெரியோஸுக்கு ரத்தம் கொதித்தது.

கிரேக்க நாட்டின் வோலோஸ் நகரில் ஒரு கல்லூரி. முதலாமாண்டு இயற்பியல் ஆய்வகம் அவர் பொறுப்பு.

"புத்தகத்துல இருக்கறத எழுதுறதுக்கு எதுக்குடா ஊசல்? கை நடுங்கும், கண்ணு தப்பும். எவ்வளவு பிழைன்னு சொல்றவன்தான் அளந்தவன்!"

எல்லாருக்கும் பூஜ்யம்.

அடுத்த வாரம் ஒருவனுக்கு 7 வந்தது. ஒருத்திக்கு 13.

"ஏம்மா, வேற கிரகத்துல போயி அளந்தியா?"

"பிழை வேணும்னு நீங்கதானே கேட்டீங்க சார்?"

ஸ்தெரியோஸ் தந்திரத்தில் இறங்கினார். மூன்றாம் வகுப்புக்கு முந்தின மாலை, ஊசலின் நீளத்தை அளக்கும் மர அளவுகோலில் முதல் இரண்டு சென்டிமீட்டரை ரம்பத்தால் அறுத்தெடுத்தார். இனி ஒழுங்காக அளப்பவர்களுக்கு நீளம் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும், விடை பத்தைத் தாண்டும். 9.8 என்று எழுதுகிறவன் கள்ளன்.

பத்தொன்பது பேர் 9.8-ஐ ஒட்டியே எழுதினார்கள், பிழை எல்லையெல்லாம் போட்டு, அழகாக. ஆர்கிரோ என்ற பெண் மட்டும் எழுதியிருந்தாள்: '10.3. கூடக் குறைய 0.2 இருக்கலாம்.'

ஸ்தெரியோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார். மற்றவர்களை ஃபெயிலாக்கினார்.

மறுநாள் மாணவர்கள் துறைக்குப் பூட்டுப் போட்டார்கள். வாசலில் துணி கட்டியிருந்தது: '9.81 எங்கள் உரிமை!'

துறைத் தலைவி எவ்தோக்கியா பேசிப் பார்த்து, கடைசியில் ஒரு வழி சொன்னார். "எல்லார் முன்னாடியும் நீங்களே அளந்து காட்டிடுங்க ஸ்தெரியோஸ்."

"தாராளமா!"

அளந்தார். 9.8. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். 9.8. அளவுகோலை எடுத்துப் பார்த்தார். அது முழுசாக இருந்தது.

"பழசுல நுனி போயிருந்துச்சு சார்," என்றார் ஆய்வகப் பணியாளர் தோமாஸ். "அன்னைக்கு வகுப்புக்கு முன்னாடியே புதுசு வச்சுட்டேன்."

பத்தொன்பது பேரும் ஸ்தெரியோஸை முறைத்தார்கள். அவர் ஆர்கிரோ பக்கம் திரும்பினார்.

"அப்ப உனக்கு மட்டும் எப்படிம்மா 10.3 வந்துச்சு?"

ஆர்கிரோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"முதல் வாரம் நெசமாவே அளந்தேன் சார், 9.81 வந்துச்சு, பூஜ்யம் போட்டீங்க. அதுக்கப்புறம் நான் ஊசலையே தொடல."