நாற்பத்தாறு நாற்காலிகள்

டயர் கடை மாடி ஹாலில் காலை எட்டு மணிக்கே செருப்பு விட இடமில்லை. புற்றுநோயை மணியடித்தே விரட்டுகிற உட்கரு ஐயாவுக்கு அன்று வெற்றி விழா. வாசலில் ஆளுயர பேனர். படத்தில் ஐயாவின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். விஞ்ஞானியும் ஆயிற்றே என்று மூக்குக் கண்ணாடி.

உள்ளே நாற்பத்தாறு பிளாஸ்டிக் நாற்காலிகள், முதுகில் எண்களோடு ஜோடி ஜோடியாக. ஐயாவின் தத்துவம் எளிமையானது. உயிரணுவுக்குள் உட்கரு என்று ஒரு குட்டி அறை. அதில் நாற்பத்தாறு குரோமோசோம்கள் குடியிருக்கின்றன. ஒன்பதாம் நம்பரும் இருபத்திரண்டாம் நம்பரும் கெட்ட சகவாசம் வைத்துக்கொண்டால் ரத்தப் புற்றுநோய். மணியடிக்கும்போதெல்லாம் நோயாளி நாற்காலி மாறி உட்கார்ந்தால், உள்ளே இருப்பவையும் எழுந்து இடம் மாறி உட்கார்ந்துவிடும். மொத்தம் இருபத்தொரு நாள். வெளியே மணியடிப்பது உள்ளே எப்படிக் கேட்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பலிக்காதாம்.

கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றிருந்தாள் ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன். குரோமோசோம்களைப் படம் எடுப்பதுதான் அவள் பிழைப்பு. வயிற்று வலி என்று பொய் சொல்லி லீவு போட்டிருந்தாள். காரணம், மேடையில் உட்கார்ந்திருந்த அக்கா புருஷன். தையல்காரர். தினம் ஒரு மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கிற ரத்தப் புற்றுநோய் அவருக்கு. அந்த மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. மிச்சத்தை இன்று மேடையில் உள்ள குப்பைத் தொட்டியில் கொட்டப் போகிறார். விழாவே அதற்குத்தான்.

ஐயா இரண்டு படங்களைத் தூக்கிக் காட்டினார். "இது முன்னாடி!" கொட்டிய குப்பை போலக் குரோமோசோம்கள் சிதறிக் கிடந்தன. "இது இன்னிக்கு!" ஜோடி ஜோடியாக, எண் போட்டு, வரிசையில் நின்றன. கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது.

அவள் மேடைக்குப் போய்ப் பார்த்தாள். அற்புதத்தைச் செய்தவர் யார் என்று உடனே தெரிந்துவிட்டது. அவளேதான்.

"மாமா, ரெண்டாவது படம் நான் அடுக்கினது. நோய் கண்டுபிடிச்ச அன்னிக்கே அடுக்கினது. ரிப்போர்ட்ல எப்பவும் ரெண்டு தாள் இருக்கும். கண்ணாடித் துண்டுல பரப்பி எடுத்த படம் ஒண்ணு. அதையே நாங்க ஜோடி சேர்த்து அடுக்கினது இன்னொண்ணு. யார் உடம்புலயும் இது இப்படி க்யூவுல நிக்காது."

ஐயாவின் கவுன்ட்டரில் உட்காரும் அம்மாள் முதல் நாளே ரிப்போர்ட்டிலிருந்து அந்த இரண்டாம் தாளை 'ஃபைலுக்கு' என்று உருவிக்கொண்டது அப்போதுதான் தையல்காரருக்கு நினைவு வந்தது.

ஐயா சிரித்தார். "படிச்ச பொண்ணு. பொறாமை இருக்கத்தான் செய்யும்."

"மானத்தை வாங்காதடி, வீட்ல பேசிக்கலாம்," என்றாள் முன் வரிசையிலிருந்து அக்கா. வீட்டில் மூன்று வாரம் பேசித்தான் இவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"மாமா, கத்தரி இருக்கா?"

தையல்காரரிடம் கேட்கிற கேள்வியா அது? சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"முதல் படத்தை ஒவ்வொண்ணா வெட்டி ஜோடி சேருங்க. சட்டைக் கையை ஜோடி பாக்க நான் சொல்லித் தரணுமா?"

"வெட்டாதீங்க!" என்று பதறினார் ஐயா. "படத்தை வெட்டினா உள்ள இருக்கறது வெட்டுப்படும்!"

தையல்காரர் படத்தின் மூலையைத் தடவிப் பார்த்தார். "இந்தப் படத்துல உங்க கவுன்ட்டர்ல ஸ்டேப்ளர் அடிச்சாங்களே, எனக்கு ஒண்ணும் வலிக்கலையே?"

வெட்டினார். இரண்டாவது படத்தைப் பார்த்துப் பார்த்து மேசையில் அடுக்கினார். அதில் கொண்டை ஊசி போல வளைந்திருந்தது இதிலும் அப்படியே வளைந்திருந்தது. இருபத்தொரு நாள் அற்புதம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. மணி தேவைப்படவில்லை.

ஆனால் தையல்காரர் நிமிரவில்லை.

"பாப்பா, இருபத்திரண்டுல ஒண்ணு குட்டை. ஒன்பதுல ஒண்ணு நீளம். குணமாச்சுன்னு சொன்ன படத்துலயும் அதே குட்டைதான்."

"ஆமா மாமா. ஐயா பாதி நிஜத்தைத்தான் விக்கறார். உள்ள ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் உண்டு. கிட்டக் கிட்ட இருக்கற ரெண்டு ஒரே சமயத்துல ஒடைஞ்சா, துண்டு மாறி ஒட்டிக்க வாய்ப்பு ஜாஸ்தி. உங்களுக்கு ஒட்டியாச்சு. இனிமே தள்ளித் தள்ளி உக்கார வச்சு என்ன ஆகப் போகுது?"

"மாத்தித் தச்ச சட்டையை வேற ஆணில மாட்டற கதை." தையல்காரர் மாத்திரை டப்பாவைப் பார்த்தார். "அப்போ மாத்திரை?"

"அந்தத் தப்பான ஒட்டு போடற ஆட்டத்தை அதுதான் அடக்கி வச்சிருந்தது. வாங்க, இப்பவே டாக்டரைப் பாக்கலாம்."

தையல்காரருக்குப் பயம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய பயம். தொட்டி பக்கத்தில் தயாராக வைத்திருந்த அந்த டப்பாவை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். அக்கா அழுதாள்.

கூட்டத்தில் சிலர் போய்க் கவுன்ட்டர் மேசையின் டிராயரைத் திறந்தார்கள். எல்லாருடைய இரண்டாம் தாள்களும், குணமாக வேண்டிய தேதி வாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஐயா அதற்குள் பின்படியில் இறங்கிவிட்டார். மூக்குக் கண்ணாடியை மறந்திருந்தார். ஒருவர் எடுத்துப் போட்டுப் பார்த்தார். பவரே இல்லாத வெறும் கண்ணாடி.

பதினேழாம் நாற்காலிக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. "ஐயா போயிட்டாரே, இப்ப நாங்க எந்த நாற்காலில உக்காரணும்?" என்றார் கவலையாக.

படி இறங்கிக்கொண்டிருந்த தையல்காரர் திரும்பினார்.

"நீங்க எதுல வேணா உக்காருங்க. மூளையை உக்கார வச்சுடாதீங்க."