சீடார் ஓடைக்குப் போகாதீர்கள்

"சீடார் ஓடைப் பாதை எப்படிங்க இருக்கு? அந்தப் பக்கம் ஹக்கிள்பெர்ரி கொட்டிக் கிடக்குன்னு யாரோ சொன்னாங்க" என்று சியாட்டிலிலிருந்து வந்த தம்பதி கேட்டதும் மார்லிஸுக்குப் பகீரென்றது.

ஐடஹோவின் வடகோடியில் தேசியக் காட்டு அலுவலகம். எந்தப் பாதையில் என்ன ஆபத்து, எது மூடியிருக்கிறது என்று வாசல் பலகையில் எழுதுவதும் வருகிறவர்களுக்கு நிலவரம் சொல்வதும் அவள் வேலை. அந்த ஊரில் சம்பளத்தைச் சொல்வார்கள், வயதைக்கூடச் சொல்வார்கள். ஹக்கிள்பெர்ரி என்ற ஊதாக் காட்டுப்பழத்தைப் பறிக்கும் இடத்தை மட்டும் கட்டின புருஷனிடமும் சொல்ல மாட்டார்கள். மார்லிஸின் இடம் சீடார் ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் இருந்தது. சனிக்கிழமை கண்காட்சியில் ஜாம் போட்டி. இந்தத் தடவை கோப்பை தனக்குத்தான் என்று நாத்தனார் கோரின் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாள். பழமோ இன்னும் செடியில் இருந்தது.

"அங்கயா? ஐயையோ, குட்டியோட கரடி திரியுதுங்க!"

சொன்னதோடு நிற்காமல் பலகையிலும் எழுதினாள்.

மூலையில் ஓசிக் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஓரின் தாத்தா எழுந்து வந்தார். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் தினமும் வந்துவிடுவார்.

"கழுகுப் பாறைப் பாதை இன்னும் மூடித்தான் இருக்காம்மா?"

"ஆமா. பாறை சரியுதுன்னு எங்க டெல்பர்ட் சார் ஆகஸ்ட்டு ஆகஸ்ட்டு மூடிடுவாரே."

"இப்ப சீடார் ஓடையும் ஆபத்தா?" பாடம் ஒப்பிப்பதுபோல் முணுமுணுத்துக்கொண்டார்.

"எல்லாரும் உங்களை மாதிரி ஜாக்கிரதையா இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்றாள் மார்லிஸ்.

மதியத்துக்குள் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. ஆளுக்கொரு கேமரா.

"கரடி எந்தப் பக்கம்? குட்டி எத்தனை?"

"உங்களுக்குப் பயமா இல்லையா?" மார்லிஸ் அதிர்ந்துபோனாள்.

"பயந்தா ஃபோட்டோ எடுக்க முடியுமா? பாலத்து மேல நின்னா நல்லாத் தெரியுமாமே!"

பாலத்தின் மேல் நின்றால் அவளுடைய செடியும் நன்றாகத் தெரியும். ஓடிப்போய்ப் பலகையில் கரடியை அழித்துவிட்டு, "பாலம் உடைந்தது. பாதை மூடப்பட்டது" என்று பெரிதாக எழுதினாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அப்பாடா என்று திரும்பினால், பின்னால் அலுவலகத் தலைவர் டெல்பர்ட். முகத்தில் ரத்தமே இல்லை.

"பாலம் உடைஞ்சுதா? போன வருஷம் நானே கூட நின்னு கட்டினது மார்லிஸ்! யார் சொன்னா?"

"யாரோ ஒருத்தர் வந்து... பேர் கேக்கல சார்."

"பாதை வேலை பாக்கற கிளின்டோட ரெண்டு பேரை அனுப்பிப் பாக்கச் சொல்றேன்."

மார்லிஸ் கணக்குப் போட்டாள். பாலம் கல்லுப்போல நிற்பதைப் பார்த்தால் வேலை போகும். பாலத்தைத் தாண்டினால் பழமும் போகும்.

"அனுப்பாதீங்க சார்! மரமெல்லாம் எப்ப வேணா விழுமாம்!"

"மரமுமா? அப்ப ரம்பத்தோட மொத்தக் கூட்டமும் போகட்டும்!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டு, சாயங்காலம் வரை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் சரியாக வரவில்லை.

வேலையாட்கள் திரும்பி வந்தார்கள். கிளின்ட் தொப்பியைக் கழற்றினான்.

"ரொம்ப மோசம் சார். பாலம் தொட்டா ஆடுது. மரம் தலைமேல தொங்குது. செப்டம்பர் வரைக்கும் ஒரு ஆளை விடக் கூடாது."

மார்லிஸ் நிமிர்ந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பாலத்தைக் கடந்து வந்தாள். அப்புறம்தான் கிளின்டின் பல்லைப் பார்த்தாள். ஊதா. பின்னால் நின்றவன் பல்லும் ஊதா. வரிசையாக எல்லார் வாயும் மையைக் குடித்த மாதிரி இருந்தது.

"நாளைக்கும் நாங்க போய்ப் பாக்கணும் சார்" என்றான் கிளின்ட். "வாளி... கருவி கொஞ்சம் எடுத்துக்கறோம்."

பாவிகளா, அது என் பழமடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அவள் பொய்யும் அல்லவா வெளியே வரும்? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். டெல்பர்ட் அந்தப் பற்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, மூடியே இருக்கட்டும். பொதுமக்கள் பாதுகாப்புதான் முக்கியம்" என்றார். ஏன் அவர் ஒன்றுமே கேட்கவில்லை என்பது மார்லிஸுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை ஓரின் தாத்தா வந்தார். பளபளவென்று ஒரு புட்டி ஜாமை மேஜைமேல் வைத்தார்.

"உனக்குத்தாம்மா. இந்த வருஷம் நானும் போட்டியில இறங்கறேன். எல்லாம் உன் பலகை புண்ணியம்."

"என் பலகையா?"

உள்ளேயிருந்து வந்த டெல்பர்ட் புட்டியைத் திறந்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"தாத்தா... இது எங்க பறிச்சது?"

"கழுகுப் பாறையில சார். புட்டியில மேல் பாதி நேத்து சாயங்காலம் சீடார் ஓடையில, உங்க ஆளுங்க விட்டு வச்ச மிச்சம்" என்ற ஓரின், காப்பியை ஊற்றிக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார். "நீங்க எதை மூடறீங்களோ அங்க பழம் இல்லாம ஒரு வருஷம்கூட நான் திரும்பினதில்ல. இன்னிக்குப் புதுசா என்னம்மா மூடியிருக்கீங்க?"