குட்டை மீனுக்குத் தலை ஆடி விருந்து

வாயைத் திறக்கிற எல்லா உயிரும் சோறு கேட்பதில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தைக் கற்றுக்கொள்ள நான் என் மாமனாரின் குட்டை நிறைய மீனைக் கொல்ல வேண்டியிருந்தது.

அப்போது ஓசூரில் ஒரு மீன் தீவன ஆலையில், சோதனைப் பிரிவில் இருந்தேன். சோயா, தவிடு, கருவாட்டுத் தூள் எல்லாம் சேர்த்து அரைத்து, மிளகு மிளகாக பெல்லட் தீவனம் வெளியே வரும். அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா கரைகிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். வாளியில் மீன் கிடையாது. (மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மூக்கண்டப்பள்ளி மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை போடுகிற வறுவல்தான்.) ஆனாலும் பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர் என்னை 'மீன் வளர்ப்பு நிபுணர்' என்று சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் கவிதா எனக்குக் கிடைத்திருக்க மாட்டாள், மீன்கள் பிழைத்திருக்கும்.

மாமனாருக்கு ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி நிலம். கேழ்வரகு போட்டுக்கொண்டிருந்த அரை ஏக்கரில் குட்டை வெட்டி, போர் தண்ணீர் நிரப்பி, ரோகு, கட்லா விட்டிருந்தார். "குடிக்கவே தண்ணி இல்ல, இவரு மீன் வளக்குறாராம்" என்று பங்காளிகள் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரே ஒரு தடவை வலை போட்டு, வண்டி நிறைய மீனை அவர்கள் வீட்டு வாசல் வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் மனிதருக்கு ஆசை.

ஆலையிலோ புதுத் தீவனத்தை நிஜக் குட்டையில் சோதித்துப் பார்க்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் முன்னால் போய் நின்றேன். "எங்க மாமனார் குட்டை இருக்குது சார்!" தலை ஆடிக்கு மாப்பிள்ளை துணிமணியோடு போவார், நான் தீவன மூட்டைகளோடு போய் இறங்கினேன்.

அத்தை என்னைக் கவனித்த கவனிப்பு இருக்கிறதே! இலையில் கொஞ்சம் இடம் தெரிந்தால் களி விழும், அதன் மேல் கோழிக் குழம்பு விழும். "போதுங்க அத்த" என்று வாயைத் திறந்தால், திறந்ததற்காக இன்னொரு கரண்டி. நான் அதையே குட்டையில் செய்தேன். ஆலையில் அளவு சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மாமனார் வீட்டு மீனுக்கு அளந்தா போடுவது? நேற்றுப் போட்டது மிச்சம் கிடந்தாலும் இன்றைக்கும் வாரி வீசினேன்.

"கொஞ்சம் ஜாஸ்தி இல்லீங்களா மாப்பிள்ள?" என்றார் மாமனார்.

"வளர்ற புள்ளைங்க மாமா, சாப்பிடட்டும்." (நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.)

"நீங்க சொன்னா சரிங்க" என்று விட்டுவிட்டார்.

அடுத்து வந்த ஒரு மூட்டமான காலையில், குட்டையிலிருந்த மீனெல்லாம் மேலே வந்து, வாயைப் பிளந்து பிளந்து மூடின. எனக்குப் புல்லரித்துவிட்டது. "பாத்தீங்களா மாமா, என்னா பசி!" என்று அரை மூட்டையைக் கொட்டினேன். வீடியோ எடுத்து மானேஜருக்கு அனுப்பினேன். மாமனார் ஓடிப்போய், அதிகம் சிரித்த பங்காளியையே கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினார். அப்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

போன் அடித்தது. மானேஜர்.

"யோவ், அது பசி இல்லய்யா! தண்ணியில காத்து இல்லாம மூச்சுக்குத் தவிக்குது! நீ போட்ட தீனி அழுகி, இருக்கிற காத்தையும் இழுத்துடும். மோட்டாரப் போடு, புதுத் தண்ணி விடு! தண்ணியக் கலக்கு!"

மோட்டாருக்கு மூணு ஃபேஸ் கரண்ட் வர மதியம் ஆகும். பட்டுக்கரை வேட்டியோடு குட்டையில் குதித்தேன். நான் இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தேன். கவிதா முறத்தால் அடித்தாள். அத்தை குடத்தில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். கரையில் நின்ற பங்காளி நிதானமாகக் கேட்டார்: "என்னாங்க மாப்பிள்ள, மீனுக்கு நீச்சல் சொல்லித் தரீங்களா?"

கரண்ட் வந்தபோது என் தீவனம் கரையாமல் மிதந்துகொண்டிருந்தது. அதன் நடுவே மீன்களும் மிதந்தன. சோதனையில் தீவனம் பாஸ்.

மாமனார் குழி வெட்டினார். மண்வெட்டியைக் கேட்டேன், தரவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. "கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றார். ஐயோ, பங்காளி முன்னாலேயே என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் குட்டையில் அப்புறம் அவர் தண்ணீரே விடவில்லை.

சில வருஷம் கழித்து, நெஞ்சில் சளி கட்டி அவரைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க முடியாமல், ஏதாவது செய்ய வேண்டுமே என்று, கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவர் மெதுவாக மாஸ்க்கை விலக்கினார்.

"மாப்பிள்ள... இது பசி இல்லீங்க."

அத்தைதான் முதலில் சிரித்தார். பிறகு கவிதா. அவரும் சிரிக்கப் பார்த்து இருமினார். இத்தனை வருஷத்தில் குட்டையைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். அந்த வாரமே போய்விட்டார்.

காரியத்துக்கு வந்த பங்காளிகளிடம் அத்தை இதைச் சொல்லிச் சொல்லி அழுதார். அழுகைக்கு நடுவே எல்லோரும் சிரித்தார்கள். இப்போது நான் கொட்டாவி விட்டால் போதும், "பசியாப்பா, மூச்சாப்பா?" என்று மகள் ஓடிவருகிறாள். மூச்சுதான் என்பேன். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் திட்டாமல் விட்ட அந்த நாலு வார்த்தை எனக்கு இப்படித்தான் தினமும் கிடைக்கிறது.